ஒழுக்கம் எனப்படுவது யாது?

(சங்க ஆண்டுவிழாவில் நிகழ்த்திய உரை)



ஒழுக்கம் என்னும் பொருள்பற்றிச் சிறிது நேரம் பேச வேண்டுமென்று சங்கச் செயலாளர் எம்மிடம் வந்து கேட்டபொழுது, நாம் மறுமொழி யோசியாமலே சம்மதித்துவிட்டோம். இலகுவான விடயம் என்பது எமது எண்ணம். கடுதாசியும் பேனாவும் எடுத்துக்கொண்டு மேசையில் இருந்த பின்னரே சங்கடம் விளங்கிற்று. அறுபது, எழுபது வருடங்களாக நாளும் பொழுதும் வாயில் வழங்கிய சொல்லொன்றின் பொருள் எமக்குச் சரிவரத் தெரியாது என்பதை அன்றுதான் அறிந்தோம்.

செயலாளர் போன கையோடு வேறு இருவரும் வந்தனர். ஒருவர் ஊர்ப் பெரியவர். "இந்தக் காலத்துப் பொடியளுக்கு நல்லாய் உறைக்கிற மாதிரிச் சொல்லுங்கோ" என்றார். தலைமயிர் வெட்டு, கைத்தொலைபேசி, இரவு பத்து மணிக்குப் பின்னர் ஒழுங்கையிற் பறக்கும் மோட்டார் சைக்கிள் என்று ஒரு பட்டியலும் தந்தார். மற்றவர் ஓர் இளைஞர். "ஐயா, பெரிய ஆட்கள் செய்யிறதையும் சேர்த்துச் சொல்லுவியளோ?" என்று மெல்லக் கேட்டார். இருவருக்கும் ஆமென்றே கூறி அனுப்பினோம். தலைமயிரைப் பற்றி மாத்திரம் நாம் ஒன்றும் பேசப் போவதில்லை. எமது தலையில் அது பெரும்பாலும் இல்லாதொழிந்தமையால், அதுபற்றி நடுநிலையோடு பேசுந் தகுதி எமக்கில்லை.

முதலில் சொல்லைப் பார்ப்போம். ஒழுகு என்னும் வினையடியாகப் பிறந்தது ஒழுக்கம். நீர் ஒழுகுகின்றது, மனிதனும் ஒரு வழியே ஒழுகுகின்றான். நல்லொழுக்கம் என்றும் தீயொழுக்கம் என்றும் நாம் அடைகொடுத்துப் பேசுவதிலிருந்தே, அச் சொல் தன்னளவில் நல்லது கெட்டது என்று ஒன்றையுங் கூறவில்லை என்பது பெறப்படும். எமது தோட்டங்களிலே துலா மிதித்து இறைத்த நீர் வாய்க்கால் வழியே ஓடிப் பாத்தியிற் பாய்வதைப் பெரியவர்கள் கண்டிருப்பீர்கள். நீர் தானாக வழி தேடுவதில்லை. வெட்டிவிட்ட வழியே ஓடுகின்றது. ஆகவே, நீர் ஒழுங்காக ஓடுகின்றதா என்று பார்ப்பதோடு, வாய்க்காலை வெட்டியவர் யார், அது எவருடைய பாத்திக்குப் போகின்றது, எவருடைய பாத்தி காய்ந்து கிடக்கின்றது என்பவற்றையும் பார்த்தல் வேண்டும் அன்றோ?

திருக்குறளிலே ஒழுக்கமுடைமை பதினான்காம் அதிகாரம். ஒழுக்கத்தின் மேன்மையை வள்ளுவர் அங்கே பலவாறு போற்றுகின்றாரேயன்றி, இன்னதுதான் ஒழுக்கம் என்று வரையறை செய்தாரில்லை. அந்த வெற்றிடத்தை உரைகாரர் நிரப்பினர். பரிமேலழகர் அவ்வதிகாரத்துக்கு முன்னுரை கூறுமிடத்து, அவரவர் வருணத்துக்கும் நிலைக்கும் விதிக்கப்பட்டபடி நடத்தலே ஒழுக்கம் என்று பொருள் கொண்டார். வள்ளுவரோ பெருமை என்னும் அதிகாரத்திலே, எல்லா உயிர்க்கும் பிறப்பு ஒத்ததே என்று ஐயத்துக்கிடமின்றிக் கூறியவர். அறன் வலியுறுத்தலிலே, மனத்தில் மாசில்லாதிருப்பதே அறம், ஏனையவெல்லாம் வெறும் ஆரவாரம் என்ற கருத்தை வைத்தவரும் அவரே. மூலம் எழுதியவரும் உரை எழுதியவரும் இந்த இடத்தில் ஒரே வழியில் நடக்கவில்லை என்பதே எமது துணிபு. பரிமேலழகரின் புலமையை நாம் குறைத்துப் பேசவில்லை. அவர் தமது காலத்து வாய்க்காலின் வழியே ஒழுகினார்.

இவ்வாறு ஒரு சொல்லுக்குள் இரண்டு பொருள்கள் வந்து குடிபுகுந்தன. ஊர் வகுத்த வழியில் வழுவாது நடப்பது ஒன்று. மனத்தாலும் செயலாலும் பிறருக்குத் தீங்கு செய்யாது நடப்பது மற்றொன்று. பாலும் வெள்ளை, சுண்ணாம்புத் தண்ணீரும் வெள்ளை; இரண்டையும் ஒரே பேணியில் மாறி மாறி வார்த்துத் தந்தால், குடிப்பவன் பாடு என்னாவது?

இனி நாம் எமது வீட்டுக் கதையொன்றைக் கூற விரும்புகின்றோம். சபை பொறுத்தருள வேண்டும்.

எமது பேரனார் புகையிலைக் கமஞ் செய்தவர். விடியற்காலம் நான்கு மணிக்கு எழுந்து, தோய்ந்து, திருநீறு பூசிய பின்னரே ஒரு மிடறு தண்ணீர் குடிப்பார். கள், சுருட்டு ஒன்றுந் தொடார். அவர் விளைவித்த புகையிலையைச் சுருட்டாக்கி ஊரெல்லாம் பிடித்தது வேறு கதை. பொய் என்பது அவர் வாயில் வந்து நாம் கேட்டதில்லை. ஒருமுறை புகையிலை வியாபாரி ஒருவர் கணக்குப் பிழைத்து ஐந்து ரூபாய் கூடக் கொடுத்துவிட்டார். வீட்டுக்கு வந்து எண்ணிப் பார்த்துக் கண்டுகொண்ட பேரனார், சாப்பாட்டுக் கோப்பையைத் தள்ளி வைத்துவிட்டு, பட்டணத்துக்கு நடந்து போய் அதைக் கொடுத்துவிட்டு இரவில் திரும்பினார். ஐந்து ரூபாய் அக்காலத்திற் சிறிய காசன்று. ஊரில் எவருக்காவது வழக்கு, எல்லைத் தகராறு என்றால், "அவரைக் கேளுங்கோ, அவர் ஒழுக்கமான மனிசன்" என்பார்கள். அப் பெயருக்கு அவர் உரியவரே. இன்றைக்கும் அதில் எமக்கு மாறுபாடில்லை.

எமது தோட்டத்தில் ஒருவர் வேலை செய்தார். அவருடைய பெயரை நாம் இங்கே கூறவில்லை. எமக்குப் பேச்சு வந்த நாள்முதல் அவரைப் பெயர் சொல்லியே அழைத்தோம். "வா", "போ" என்றே பேசினோம். அவருக்கு அப்பொழுது நாற்பது வயதுக்கு மேல், எமக்குப் பத்து. அவர் எம்மைச் "சின்ன நயினார்" என்பார். பெயர் சொல்லி அழைத்த குறை ஒருமுறை போதும். இன்று இச் சபையில் மறுபடியும் வேண்டாம்.

1960 ஆம் ஆண்டளவில், கடுங்கோடை. பங்குனி கழிந்து சித்திரை வெயில் கொளுத்திற்று. வீட்டார் எல்லோரும் ஒரு கலியாணத்துக்குப் போய்விட்டனர். காய்ச்சல் காரணமாக நாம் மாத்திரம் வீட்டில். தோட்டத்தில் அவர் காலை தொடங்கிக் கொத்திக்கொண்டிருந்தார். மத்தியானமானதும் கிணற்றடிக்கு வந்து, கட்டுக்கு அப்பால், தாம் வழக்கமாக நிற்கும் இடத்தில் நின்றார். வேலியில் அவருக்கென ஒரு சிரட்டை செருகியிருக்கும். வீட்டார் எவரேனும் தண்ணீர் அள்ளி அச் சிரட்டையில் உயர்த்தி ஊற்ற வேண்டும். அவர் துலாக் கயிற்றைத் தொடலாகாது. காய்ச்சலோடு எழுந்து போய் நாம் துலாவை இழுத்துப் பார்த்தோம். பத்து வயதுப் பிள்ளையின் கைக்கு அது அசையவில்லை. இரண்டு முறை, மூன்று முறை இழுத்தோம். கயிறு அவருக்கு ஒரு முழத் தூரத்திலே தொங்கிக்கொண்டிருந்தது. "நீயே அள்ளிக் குடி" என்றோம். அவர் சிரித்தார். "வேண்டாம் சின்ன நயினார். பிறகு உங்களுக்குத்தான் அடி விழும்" என்றார். மண்வெட்டியைச் சாத்திவைத்துவிட்டு ஒரு கட்டைக்கு மேல் நடந்து தமது குடியிருப்புக்குப் போய்த் தண்ணீர் குடித்தார். திரும்பி வந்து மிச்ச வேலையையும் முடித்துவிட்டே போனார்.

மாலையில் பேரனார் வந்தார். நடந்ததைக் கூறினோம். அவர் சிறிது நேரம் பேசாதிருந்துவிட்டு, "அவன் ஒழுக்கமானவன்" என்றார். பின்னர் எம்மைப் பார்த்து, "நீ சொன்னது பிழை. இனிமேல் அப்படிச் சொல்லாதை" என்றார்.

அன்பர்களே, அந்த ஒரு நாளிலே சரி எது, பிழை எது என்பது எமக்குக் கற்பிக்கப்பட்டது. தாகத்தோடு ஒரு கட்டை நடந்தது சரி. குடி என்றது பிழை. கற்பித்தவர் பொல்லாதவரல்லர்; ஐந்து ரூபாய்க்காகப் பட்டணம் வரை நடந்தவர். பொல்லாதவன் ஒருவன் கூறியிருந்தால் பத்து வயதிலும் ஐயப்பட்டிருப்போம். நல்லவர் கூறியமையால் நம்பினோம். பல வருடங்கள் நம்பினோம்.

சமூகக் குறைபாடுகளைத் தடைசெய்யும் சட்டம் 1957 ஆம் ஆண்டிலேயே வந்துவிட்டது. கோவில், கடை, பாடசாலை முதலிய பொதுவிடங்களிற் சாதி கூறித் தடுப்பது குற்றமென்று அது விதித்தது. எமது வளவுக் கிணற்றடிக்கு அச் சட்டம் வந்து சேரவில்லை. சட்டத்தைக் குறைகூறுவதற்காக இதனைக் கூறவில்லை. ஒருவன் தானே சரியென நம்பிச் செய்யும் பிழையைச் சட்டம் தண்டிக்கலாம். அது பிழையென்று அவனுக்குக் காட்டுவது வேறு வேலை.

இனி, எமது சமூகத்தின் கதையையும் சற்றுப் புரட்டிப் பார்ப்போம். காந்தியடிகள் 1927 ஆம் ஆண்டு நவம்பரில் யாழ்ப்பாணம் வந்தார். தீண்டாமையைக் கண்டித்துப் பேசினார். மாலையிட்டு வரவேற்றோம். இரண்டு மூன்று வருடங்களுள், நன்கொடை பெறும் பாடசாலைகளில் எல்லாப் பிள்ளைகளும் சம ஆசனத்தில் இருத்தல் வேண்டுமென்ற விதி வந்தது. அதுவரை சில பிள்ளைகள் நிலத்தில் இருந்தே படித்தனர். விதி வந்ததும் மாலையிட்ட ஊரில் எதிர்ப்பு விண்ணப்பங்கள் எழுதப்பட்டன; சில பாடசாலைகள் தீக்கிரையாயின. ஒரு பிள்ளை வாங்கில் ஏறி இருப்பதைத் தடுப்பதற்காகப் பள்ளிக்கூடத்தையே எரித்தவர்களும், தம்மை ஒழுக்கங் காப்பவர் என்றே எண்ணியிருப்பர்.

நல்லதும் நடந்தது. 1956 ஆம் ஆண்டிலே நல்லூர்க் கந்தசுவாமி கோவில் முதலிய சில ஆலயங்களின் கதவுகள் எல்லோர்க்குந் திறந்தன. வானம் இடிந்து விழவில்லை. ஆயினும் 1968 ஆம் ஆண்டிலே மாவிட்டபுரம் கந்தசுவாமி கோவில் வாயிலிலே, உள்ளே போய்க் கும்பிட விடுங்கள் என்று கேட்டு மக்கள் சத்தியாக்கிரகம் இருக்க நேர்ந்தது. வழிமறித்து நின்றோருக்கு முன்னின்றவர் கணிதப் பேராசிரியராயும் அமைச்சராயும் இருந்த சி. சுந்தரலிங்கம் அவர்கள். கல்வி வந்தால் இவையெல்லாம் தாமாக நீங்கும் என்று கூறுவோர் அந்த வாயிலை நினைத்துப் பார்த்தல் நன்று. "அவர்களும் அந்த வழக்கத்தை ஏற்றுக்கொண்டுதானே இருந்தார்கள்?" என்று எமது வயதினர் சிலர் இன்றும் கூறக் கேட்கின்றோம். ஏற்றுக்கொண்டவர்கள் 1966 ஆம் ஆண்டு ஒக்டோபரிலே சுன்னாகத்திலிருந்து ஊர்வலம் புறப்பட்டு ஏன் பொலிசாரிடம் அடிபட்டார்கள்? ஏற்றுக்கொண்டிருந்தவர்கள் நாங்கள்.

ஆறுமுக நாவலரை இச் சபையில் வணங்காதார் எவருமிலர். 1848 ஆம் ஆண்டு வண்ணார்பண்ணையிலே சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தாபித்தவர். பொய்யையும் களவையும் சூதையும் கண்டித்துப் பிள்ளைகளுக்குப் பாலபாடம் எழுதியவர். சாதியாசாரத்தை அவர் விட்டுக்கொடுத்தவரல்லர். இதனை மறைத்துப் பேசுதல் அவருக்குச் செய்யும் மரியாதை ஆகாது. உள்ளதை மறைத்துப் பேசுவோரை அவரே பொறுத்தவரல்லர்.

நந்தனார் சரித்திரத்தை எமது ஆலயங்களிற் கதாப்பிரசங்கமாகக் கேட்டிருக்கின்றோம். திருப்புன்கூரிலே வெளியே நின்ற அடியார் காணும்படி நந்தி விலகிய இடம் வரும்போது சபை கண்ணீர் வடிக்கும். நாமும் வடித்தோம். வெளியே வந்து செருப்பை மாட்டும்போது, வீதியில் வேலிக்கு அப்பால் நின்று கதையைக் கேட்டுக்கொண்டிருந்தவர்களைக் கண்டோம். கண்டும் நந்தியைப் பற்றியே பேசிக்கொண்டு நடந்தோம். கல்லாகிய நந்தி விலகிற்று, நாம் விலகவில்லை. தில்லையிலே நந்தனார் நெருப்பிற் புகுந்தே கோவிலுட் செல்ல நேர்ந்தது என்பதையும் பெருமையோடு கூறுகின்றோம். எம்மில் எவருக்காவது அந் நெருப்பு என்றேனும் வேண்டியிருந்ததா?

கண்ணப்பர் சரித்திரம் எமக்கு இன்னும் அதிகம் உதவுகின்றது. சிவகோசரியார் ஆசாரம் தவறாதவர். சந்நிதியில் இறைச்சியுங் கிடக்கக் கண்டு பதைத்தார். கூட்டித் துப்புரவாக்கி மறுபடியும் பூசை செய்தார். அவர் பொய்யரல்லர், அவருடைய துயரமும் மெய்யானதே. இறைவன் அவரது கனவிலே தோன்றி, உன் ஆசாரம் வீண் என்று கண்டித்ததாகச் சேக்கிழார் பாடவில்லை. மறைந்து நின்று பார் என்றே பணித்தார். பார்த்த பின்னரே சிவகோசரியாருக்கு விளங்கிற்று. வேடன் இன்னும் அறியாத ஒன்றை வேதியர் கற்பதற்கு, வேடன் நின்ற பக்கத்தைப் பார்க்க வேண்டியிருந்தது.

"அப்படியானால் ஆசாரம் எல்லாவற்றையும் விட்டுவிட வேண்டுமோ?" என்று பெரியோர் கேட்பீர்கள். வேண்டாம். எமது பேரனார் நான்கு மணிக்கு எழுந்தார். நாம் ஐந்தரைக்கு எழுகின்றோம். அவர் எம்மினும் மேலானவர். மரக்கறி உண்பதும், விரதம் இருப்பதும், திருநீறு பூசாது வெளியே போகாதிருப்பதும் ஒருவன் தன் தோளிலே தானே ஏற்றிக்கொண்ட சுமைகள். அவற்றை எவ்வளவு பாரமாக்கினாலும் கேட்பாரில்லை. பேரனாரின் நித்திரை குறைந்தது. வேறு எவருக்கும் நட்டமில்லை. கிணற்றடி ஆசாரம் அத்தகையதன்று. அதன் புண்ணியம் எங்கள் வீட்டுக் கணக்கில். அதன் தாகம் இன்னொருவரின் தொண்டையில். ஒரு நடத்தை சரியா பிழையா என்பதை அறிய வேண்டுமானால், அதனாற் பெயர் எடுப்பவனைக் கேட்டுப் பயனில்லை. அதன் பாரம் எவர் தலையில் விழுகின்றதோ அவரைக் கேட்டல் வேண்டும். எமது வீட்டில் எவருமே அவரைக் கேட்டதில்லை.

இளைஞர்களே, இவ்வளவையும் கேட்டு, "பழைய ஆட்களின் பிழை" என்று நீங்கள் ஆறுதல் அடைந்துவிடக் கூடாது. எமது பிழையையும் கூறிவிடுகின்றோம். அது கோடையிலன்று, மாரியில் நடந்தது.

1995 ஆம் ஆண்டு ஒக்டோபர் 30 ஆந் திகதி இரவு வலிகாமத்து மக்கள் இடம்பெயர்ந்த கதை உங்கள் தாய் தகப்பன்மார் அறிவர். மழை. நாவற்குழிப் பாலத்தைக் கடக்க ஒரு இரவு போயிற்று. சைக்கிளில் ஒரு பெட்டி, பின்னால் அம்மா. தென்மராட்சியிலே ஒரு பாடசாலை வகுப்பறையில் ஏழு குடும்பங்களோடு எமக்கும் ஒரு மூலை கிடைத்தது. அங்கேயிருந்த கிணற்றடியில் சனநெருக்கம் தாங்காது. வாளியைத் தூக்கிக்கொண்டு பக்கத்து ஒழுங்கையில் ஒரு வீட்டுப் படலையிலே போய் நின்றோம். எமக்குப் பின்னால் வேறோர் ஊரவர், மனைவியும் கைக்குழந்தையுமாக நின்றார். வீட்டுக்காரர் வந்தார். நல்ல மனிதர், முன்தினம் பலருக்குச் சோறு கொடுத்தவரென்று பின்னர் அறிந்தோம். "எந்த ஊர்? எந்தப் பக்கம்? ஆற்றை பகுதி?" என்று கேட்டார். எதற்காகக் கேட்கின்றார் என்பது எமக்குத் தெரியும். கூறினோம். முகம் மலர்ந்தது. "வாங்கோ, வாங்கோ" என்று கயிற்றைத் தந்தார். நாம் அள்ளிக்கொண்டிருக்கும்போது பின்னால் நின்றவரிடமும் அதே கேள்விகள். அவர் தமது குடியிருப்பின் பெயரைக் கூறினார். "கயிறு அறுந்துபோச்சு, அங்காலை பாருங்கோ" என்றார் வீட்டுக்காரர்.

கயிறு எமது கையிலே இருந்தது. நனைந்து பாரமாக இருந்தது. கிணறு மாரி மழையில் நிரம்பிக் குனிந்து அள்ளும் மட்டத்தில் நின்றது. அந்த மனிதர் கயிற்றைப் பார்த்தார், எம்மைப் பார்த்தார், குழந்தையை மற்றத் தோளுக்கு மாற்றிக்கொண்டு போய்விட்டார். நாம் எமது வாளியைத் தூக்கிக்கொண்டு திரும்பினோம்.

அன்றைக்கு நாம் பொய் சொல்லவில்லை. களவெடுக்கவில்லை. எவரையும் தொடாதே என்று தடுக்கவில்லை. ஊரார் அறிந்த எந்த விதியின்படியும் எம்மீது குற்றமில்லை. பேரனார் இருந்திருந்தால் அவருங் குற்றம் கண்டிரார். வாய்மை என்பது தீமை பயவாத சொல் என்ற வள்ளுவர் கருத்தைப் பாடசாலையிற் பிள்ளைகளுக்கு முப்பது வருடம் படிப்பித்தவர் நாம். தீமை பயக்கும் மௌனத்துக்கு அதிலே என்ன பெயர் என்று எந்தப் பிள்ளையும் கேட்டதில்லை, நாமும் கேட்டுக்கொண்டதில்லை. "இந்தாருங்கள், என்னுடைய வாளியைக் கொண்டு போங்கள்" என்று ஒரு வார்த்தை. அதற்குப் பெரிய வீரம் வேண்டியதில்லை. அம்மா தண்ணீருக்குக் காத்திருந்தார் என்று பல நாள் எமக்கு நாமே நியாயம் கூறிப் பார்த்தோம். அம்மா காத்திருந்தது மெய். அந்தக் குழந்தை காத்திருந்ததும் மெய்.

இப்பொழுது சிரட்டை இல்லை. ஆயினும் சில வீடுகளில், எல்லோருக்கும் கண்ணாடிக் குவளையில் தேநீர் வருகையில், ஒருவருக்கு மாத்திரம் பாவித்து எறியும் கோப்பையில் வருகின்றது. "சுத்தத்துக்காக" என்கின்றார்கள். மணமகள் தேவை விளம்பரங்களைப் பாருங்கள்; கடல்கடந்து கனடாவிலும் இலண்டனிலும் வாழ்பவர்களின் விளம்பரங்களையும் பாருங்கள். 2018 ஆம் ஆண்டிலே தென்மராட்சி ஆலயமொன்றில், எல்லாச் சாதியாரும் வடம் பிடிப்பதை விரும்பாது மண்வாரும் இயந்திரத்தாலே தேரை இழுத்தார்கள் என்று செய்திகள் வெளிவந்தன. மனிதன் தொட்டால் தீட்டு. இயந்திரம் தொட்டால் இல்லை. நந்தனார் காலத்தில் இந்த வசதி கிடைக்கவில்லை.

எமது சங்கத்தைப் பற்றியும் ஒரு சொல். விழா அன்னதானத்திலே வாழையிலை வெட்டுவது யார், கிடாரத்தின் அருகில் நிற்பது யார், பந்தி முடிந்த பின் எச்சில் இலை எடுப்பது யார் என்று வேலைப்பங்கீட்டுப் பட்டியலை எடுத்துப் பாருங்கள். எல்லோரும் தொண்டர்களே, எல்லோரும் மனமுவந்தே செய்கின்றனர். ஆயினும் சில பெயர்கள் ஒவ்வொரு வருடமும் ஒரே இடத்திலேயே வந்து நிற்பதை நாம் கண்டோம். நிருவாக சபையார் வேண்டுமென்று செய்திருக்கமாட்டார்கள். வாய்க்கால் பழைய வாய்க்கால். நீர் அதன் வழியே ஓடிவிட்டது. அடுத்த பட்டியல் எழுதும்போது திருவுளச்சீட்டுப் போட்டு எழுதலாம் என்பது எமது யோசனை. தலைவர் கோபிக்கமாட்டார் என நம்புகின்றோம்.

பேச்சை முடிக்குமுன் கிணற்றடிக் கதையின் மிச்சத்தையும் கூறிவிடுகின்றோம்.

2003 ஆம் ஆண்டிலே, பாதை திறந்து சண்டை ஓய்ந்திருந்த காலத்தில், அவர் இன்னும் இருக்கின்றார் என்று கேள்விப்பட்டுத் தேடிப் போனோம். அவர் ஒரு கட்டை நடந்துபோன அந்தக் குடியிருப்புக்கு நாம் போனது வாழ்நாளில் அதுவே முதல் தடவை. எண்பதைக் கடந்தவர், கண்பார்வை மங்கிவிட்டது. "ஐயா" என்று கூப்பிட வேண்டுமென்று வழியெல்லாம் எண்ணிக்கொண்டு போயும், சொல் தொண்டையிற் சிக்கி ஒருமுறை தடக்கிற்று. இரண்டாம் முறை வந்தது. "ஆர்?" என்றார். கூறினோம். கதிரையைப் பிடித்துக்கொண்டு எழும்ப முயன்றார். இருத்தினோம்.

அவருடைய பேர்த்தி ஓர் ஆசிரியை. தேநீர் வைக்கட்டுமா என்று உள்ளேயிருந்து கேட்டாள். கிழவர் பதறி, "தேத்தண்ணி வேண்டாம் பிள்ளை, கடையிலை ஒரு சோடா வாங்கிக்கொண்டு வா" என்றார். மூடி திறவாத சோடாப் போத்தலைத்தான் எங்கள் ஆட்கள் அந்த வீடுகளில் வாயில் வைப்பார்கள் என்பது அவருக்குத் தெரியும். தேநீரே போதும் என்றோம். அவள் கொண்டுவந்து வைத்தாள். குடித்து முடிக்கும் வரையும் தூணோடு நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்; சிரிக்கவில்லை. "என்ன அலுவலாய் வந்தனீங்கள்?" என்று கேட்டாள். நியாயமான கேள்வி. அலுவல் ஒன்றும் இல்லை, சும்மா பார்க்க வந்தோம் என்றோம்.

கிழவர் சிறிது நேரம் ஒன்றும் பேசவில்லை. பின்னர் எம் பக்கந் திரும்பி, "அண்டைக்கு உங்களுக்கு அடி விழுந்ததோ?" என்று கேட்டார்.

எந்த நாளைக் கேட்கின்றார் என்று விளங்க எமக்குச் சற்று நேரம் எடுத்தது. இல்லை, ஏச்சு மட்டுந்தான் என்றோம். "நல்லது" என்றார்.